மேற்படி கை

எங்கள் சபையின் கமிட்டி நோட்டில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: "டிரம்ஸ் வாசிப்பவரின் முரட்டுக் கை காரணமாகக் கருவி பழுதடைந்து ஆராதனைக்கு இடையூறு உண்டாகிறது." கீழே கையெழுத்து, செயலாளர் ஞானசிகாமணி. தாராவியில் பிறந்து, முனிசிபல் ஸ்கூலில் இந்தி படித்து, வேதப்புத்தகத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்தே தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டவள் நான். வேறு எந்தத் தமிழ் வரியையும் இத்தனை தடவை வாசித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் காது சூடாகும்.

என் பெயர் ஜெபசெல்வி. வயது முப்பத்தொன்று. செம்பூரில் காதுக்கருவி ரிப்பேர் செய்கிற இடத்தில் வேலை. லென்ஸை மாட்டிக்கொண்டு, தலைமுடி கனத்தில் இருக்கிற கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். முரட்டுக் கை உள்ளவளை அந்த நாற்காலியில் அரைநாள்கூட விட்டுவைக்க மாட்டார்கள். இதைக் கமிட்டியிலேயே சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார் ஞானசிகாமணி அண்ணாச்சி.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. சபையில் ஒரு பல்பு ஃபியூஸ் ஆனாலும் ஸ்டூல் போட்டு ஏறுகிறவர் அவர்தான். ஆனால் மனதில் ஒரு முடிவு எடுத்துவிட்டாரென்றால், அதன் பிறகு வருகிற சாட்சியெல்லாம் அவருக்குப் பொய்ச்சாட்சி.

எங்கள் சபை முதல் மாடியில் ஒரு நீள அறை. கீழே இனாயத்துல்லா பாயின் தோல் பட்டறை. பதினோரு வருஷமாக அங்கே நான் சாதாரண டிரம்ஸ்தான் வாசித்தேன். பக்கத்து பில்டிங்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்ததால் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினோம். இரும்புச் சட்டத்தில் கறுப்பு ரப்பர் பேடுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் காசு மாதிரி ஒரு தகடு. பேடில் குச்சி பட்டால் தகடு அந்த அதிர்வை ஒரு சின்னப் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி ஸ்பீக்கரில் சத்தம் போடும். சத்தத்தை வேண்டிய மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

வந்த அன்றைக்கே அண்ணாச்சி அதைச் சங்கிலியால் கட்டிவிட்டார். அறையின் முன்மூலையில் கீழிருந்து கூரை வரை போகிற இரும்புத் தூண் ஒன்று உண்டு. சட்டத்தைத் தூணோடு ஒட்டவைத்து, மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, பெரிய பூட்டு. "நம்ம ஏரியாவுல கழட்டுத மாதிரி எதையும் வைக்கப்படாது" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நானும் சரியென்று தலையாட்டினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டர் ஜெபம் செய்கிறார். சபை முழுக்கக் கண்ணை மூடியிருக்கிறது. என் குச்சிகள் மடியில் கிடக்கின்றன. "டிஷ்ஷ்" என்று கிராஷ் தாளத்தட்டு அலறியது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. பெட்டியின் சத்தத்தை அவசரமாகக் குறைத்தேன். பாட்டிலும் அதே கூத்துதான். ஸ்நேர் பேடில் ஒரு அடி அடித்தால் இரண்டு அடி கேட்டது. தொடாத பேடெல்லாம் நடுநடுவே பேசியது.

ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி வந்தார். "ஏட்டி, ஜெபத்துலகூட கையை வச்சிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

"நான் தொடவே இல்ல அண்ணாச்சி."

"அப்ப யாரு தொட்டா? பேயா?"

நான் தொடவில்லை என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. அத்தனை பேரும் பக்தியாகக் கண்ணை மூடியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சியில் டிரம்ஸ் ஒழுங்காக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி உளறல். அடுத்த வெள்ளி ஒழுங்கு, அடுத்த ஞாயிறு உளறல். இதுவே அண்ணாச்சிக்குப் போதுமானதாகிவிட்டது. "வெள்ளிக்கிழமை அழகா வாசிக்கா. ஞாயித்துக்கிழமை ஜனத்தைக் கண்டதும் அடிச்சு நொறுக்குதா. எல்லாம் பெருமை!" எங்கள் சபையில் ஒரு பெண்ணைப் பெருமைக்காரி என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

இரண்டு மாதம் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். எவ்வளவு மெல்லிய தட்டைப் பெட்டி காதில் வாங்க வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. அதை ஏற்றினால் உளறல் குறைந்தது, ஆனால் மெதுவாக வாசிக்கிற அடிகளும் சேர்ந்து காணாமல் போயின. ஒரு பேடில் அடித்தால் பக்கத்துப் பேட் வாய் திறக்காமல் தடுக்கிற அளவு ஒன்று. அதையும் மாற்றிப் பார்த்தேன். கேபிள்களை இடம் மாற்றிச் செருகினேன். பேடுகளைக் கழற்றி ஈயப் பற்றுகளை லென்ஸில் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தன. குறை பேடில் இல்லை, கேபிளில் இல்லை, பெட்டியிலும் இல்லை. மிச்சமிருந்தது என் கைதான். ஒரு வாரம் நானே என் கையைச் சந்தேகப்பட்டேன். அண்ணாச்சியை மன்னித்தாலும் அந்த ஒரு வாரத்தை மன்னிக்க மாட்டேன்.

இதற்கு நடுவில், காலால் திறந்து மூடி வாசிக்கிற ஹை-ஹாட் தாளத்தட்டை மாற்றினேன். கம்பெனி கொடுத்தது சட்டத்தில் மாட்டிய ஒற்றை ரப்பர் தட்டு, காலுக்குத் தனியாக ஒரு மிதிகட்டை. மிதித்தால் மேலே ஒன்றும் அசையாது. செத்த பாம்பை மிதிப்பது போல இருக்கும். ஹை-ஹாட் என்றால் மேல் தட்டு இறங்கிக் கீழ்த் தட்டைக் கடிக்க வேண்டும், அது காலுக்குத் தெரிய வேண்டும். கல்யாணில் கச்சேரிக்கு வாசிக்கிற ஒருவர் தன்னுடைய இரட்டைத் தட்டு ஹை-ஹாட்டை ஸ்டாண்டோடு கொடுப்பதாகச் சொன்னார். லோக்கல் டிரெயினில் லேடீஸ் டப்பாவில், மீன் கூடைக்கும் என் முழங்காலுக்கும் நடுவே அதை வைத்துக் கொண்டுவந்தேன். தட்டு திறந்திருந்தால் எங்கே, மூடினால் எங்கே என்று பெட்டிக்கு ஒவ்வொரு நிலையாகக் காட்டிப் பழக்கினேன்.

"இன்னொண்ணா?" என்றார் அண்ணாச்சி. "இருக்கதை உடைச்சது காணாதாக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் எல்லாப் பேடும் உளறியது. ஹை-ஹாட் மட்டும் உளறவில்லை. நான் அடித்தால் பேசியது, விட்டால் வாயை மூடியது.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. நான் அதைக் கேட்கவில்லை, ஆண்டவர் மன்னிக்கட்டும். ஒரு பாட்டில் நான் மிக அதிகமாக அடிப்பது ஹை-ஹாட்டைத்தான். என் கைதான் குற்றவாளி என்றால் முதலில் நொறுங்க வேண்டியது அது. அதற்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம்? அது தன் மூன்று காலில் தனியாக நிற்கிறது. சட்டத்தைத் தொடவில்லை. சட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது. தூணில் வைத்தேன். இன்னும் பலமாக அதிர்ந்தது. அதிர்வு கீழேயிருந்து வந்தது.

ஆசீர்வாதம் முடிந்த கையோடு படியிறங்கி ஓடினேன். பட்டறையில் இனாயத்துல்லா பாய் தோலில் செருப்பின் அடிப்பாகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் பிரஸ் மெஷின் தரையை மிதித்தது. ஆடாமல் இருக்க அதன் காலைத் தூணோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். மேலே அண்ணாச்சி சங்கிலி சுற்றியிருக்கிற அதே தூண்.

"பாய், வெள்ளிக்கிழமை மெஷின் ஓடுமா?"

"ஜும்மாவுக்கு எப்பிடி ஓடும்? அன்னைக்குத்தானே எங்களுக்கு சுட்டி, லீவு. சண்டே ஃபுல் வேலை. ஏன் புள்ள, மேல சத்தம் கேக்குதா?"

நான் அங்கேயே தோல் கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தேன். பாய் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அன்று சாயங்காலமே கமிட்டிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கீபோர்டு வாசிக்கிற ராஜகுமார் மட்டும் வாயைப் பிளந்து கேட்டான். அண்ணாச்சி சிரித்தார்.

"செருப்பு மெஷினு டிரம்ஸ் வாசிக்குதாம். கதை நல்லாத்தான் இருக்கு."

"சங்கிலியை மட்டும் அவுத்து விடுங்க அண்ணாச்சி. ஒரு ஞாயித்துக்கிழமை. நான் சொல்லுதது பொய்னா நானே எந்திரிச்சுப் போயிருதேன்."

"அவுத்து வச்சா மறுநாள் இருக்காது. அப்ப நீ பதில் சொல்லுவியா?"

அவர்கள் ஏற்கெனவே தீர்மானம் எழுதி முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் பிரதிஷ்டைப் பண்டிகை, கல்யாணிலிருந்தும் கோவண்டியிலிருந்தும் ஜனம் வரும். கீபோர்டில் இருக்கிற தாளத்தைப் போட்டுக்கொள்வது. ஜெபசெல்வி பெண்கள் பக்கம் உட்காருவது. பாஸ்டர் தயவாகத்தான் சொன்னார்: "இந்த ஒரு பண்டிகை மட்டும் விட்டுக்கொடும்மா." ஒரு தடவை எழுந்தால் அந்த ஸ்டூல் எனக்குத் திரும்பக் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் ராஜகுமார் அந்த நோட்டு வரியை எனக்குக் காட்டினான். போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பாயிடம் போய் இரண்டு பொருள் கேட்டேன். செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடுகிற கனமான ரப்பர் ஷீட்டில் நாலு துண்டு. கம்பி வெட்டுகிற நீளக் கைப்பிடிக் கட்டர் ஒன்று. "என்ன லஃப்டா, என்ன வம்பு பண்ணப் போற?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார்.

பண்டிகை நாள். சபை நிரம்பி, படி வரைக்கும் ஜனம். ஆராதனை தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். டிரம்ஸ் பெட்டியின் சத்தத்தை முழுக்கத் திறந்தேன். நேராக நடுவழியில் போய் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினேன்.

"எல்லாரும் கண்ணைத் திறந்து வச்சுக்கிடுங்க" என்றேன். "என் கை இங்கன இருக்கு. நல்லாப் பாத்துக்கிடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. கீழே மெஷின் ஓடவில்லை. பாய் டீ குடிக்கப் போயிருப்பார் போல. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஏட்டி, போயி உக்காரு" என்று அண்ணாச்சி என்னை நோக்கி நடந்து வந்தார். தோள் வலித்தது. கையை இறக்கினால் செத்தேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"டிஷ்ஷ்!"

அண்ணாச்சி பாதி வழியில் நின்றார். அடுத்து ஸ்நேர். அடுத்து கிராஷும் ஸ்நேரும் சேர்ந்து. ஸ்டூல் காலியாக இருந்தது, குச்சிகள் அதன் மேல் கிடந்தன, டிரம்ஸ் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. ஹை-ஹாட் மட்டும் கம்மென்று நின்றது. ஒரு சின்னப் பிள்ளை கைதட்டியது.

அண்ணாச்சி சுதாரித்துக்கொண்டார். "அப்படின்னா கீழ போயி மெஷினை நிப்பாட்டச் சொல்லுவோம். ஞாயித்துக்கிழமை என்னத்துக்கு அவனுக்கு வேலை?"

"அவர் சோலியை அவர் பாக்கார். கட்டிப் போட்டது நாம. சாவியைக் கொடுங்க அண்ணாச்சி."

"சாவி வீட்டுல கிடக்கு."

சட்டைப்பையில் சாவியின் உருவம் தெரிந்தது. எனக்கு மட்டுமில்லை, முன்வரிசைக்கே தெரிந்தது. நான் பையிலிருந்து கட்டரை எடுத்தேன். "அது சபைச் சொத்துட்டி!" என்று அவர் கத்தினார். பூட்டின் வளையத்தில் கட்டரின் வாயை வைத்து, முழுப் பலத்தையும் போட்டு அழுத்தினேன். இரண்டாவது அழுத்தில் துண்டாகி விழுந்தது. சங்கிலியை உருவி எறிந்தேன். ராஜகுமார் கேட்காமலே வந்து ஒரு பக்கம் பிடித்தான். சட்டத்தைத் தூணிலிருந்து இரண்டு அடி தள்ளி, ரப்பர் துண்டுகளின் மேல் நிறுத்தினோம்.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிரம்ஸ் மூச்சுவிடவில்லை.

பாஸ்டர் என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து நம்பரைச் சொன்னார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்றைக்கு வாசித்த மாதிரி அதற்கு முன் நான் வாசித்ததே இல்லை. இதைப் பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. சமாதானமாகப் போகலாம் என்று எல்லோருக்கும் ஆசை. அண்ணாச்சி நோட்டைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் எழுதியதை வாசித்தார்: "பூட்டு துருப்பிடித்துத் தானாக உடைந்தது."

"தானா உடையல. நான் வெட்டுனேன்" என்றேன்.

"விடும்மா" என்றார் பாஸ்டர். "உன் பேரு கெட வேண்டாமேன்னுதான் அண்ணாச்சி அப்படி எழுதுதாவ. வேணும்னா அந்தப் பழைய வரியையும் அடிச்சிருவோம்."

"அடிக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். இப்ப எழுதுனதை மட்டும் அடிச்சிட்டு, நான் சொல்லுததை எழுதுங்க."

அண்ணாச்சி வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு நான் சொல்லச் சொல்ல, முரட்டுக் கை என்ற அந்த வரிக்கு நேர் கீழே, அவர் கையெழுத்திலேயே எழுதினார்: "மேற்படி கையே பூட்டை வெட்டியது. கருவி இப்போது நன்றாக இருக்கிறது."

நான் வாங்கி ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டேன்.