கம்பளி இருட்டு

பட்டப்பகலில் இருட்டு வேண்டும் என்று ஒரு மனிதன் அலைந்தால் தோட்டத்தில் அவனுக்கு என்ன பெயர் கிடைக்குமோ, அது மாடசாமி வாத்தியாருக்கும் கிடைத்துவிட்டது. பூனாகலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்பது கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசிக் காம்பரா. ஜன்னலுக்குக் கதவில்லை, சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் வானம். சாக்கைக் கட்டிப் பார்த்தார். சாக்கின் ஒவ்வொரு கண்ணிலும் வெயில் வந்து எட்டிப் பார்த்தது.

இருட்டு கேட்டது அவரல்ல, பண்டாரவளையிலிருந்து தலைச்சுமையாக வந்து இறங்கியிருந்த பட விளக்கு. தகரப் பெட்டிக்குள் மண்ணெண்ணெய் விளக்கு, முன்னால் கண்ணாடி வில்லை. நடுவில் சித்திரம் தீட்டிய கண்ணாடித் துண்டைச் செருகினால் சுவரில் படம் விழும். கடல் தண்ணீர் ஆவியாகி, மேகமாகி, மலையில் முட்டி மழையாகும் வரைக்கும் படங்கள் இருந்தன. தோட்டத்துத் துரை இரவல் வாங்கித் தந்தது. புதன்கிழமை மத்தியானம் தானே வந்து பார்ப்பதாகவும், பிள்ளைகளுக்குப் பாடம் ஏறுகிறதென்று கண்டால் சின்னதுகளைக் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டிலிருந்து விட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

மாடசாமிக்கு அது போதும். இப்போது அதுகள் விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, புல் பிடுங்கப் போய், மத்தியானம் பள்ளிக்கூடத்தில் வந்து தூங்கின. அவரும் காலையில் களத்தில் வேலையாட்களுக்குப் பேர் போட்டுவிட்டு வருகிறவர்தான். பல நாள் யார் யாரை எழுப்புவது என்றே தெரியாது. தூங்குகிற பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. விழித்திருக்கும் பிள்ளைகளை ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும்.

கம்பளி யோசனை அவர் மனைவி ரெங்கம்மாவுடையது. கொழுந்துக்குப் போகிற பெண்கள் மழைக்காகத் தலையிலிருந்து முதுகு வரைக்கும் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளி. மழையே நுழையாததில் வெளிச்சமா நுழையும்? புதன் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்கள். காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்த இராக்கம்மா மட்டும் சற்றுத் தயங்கினாள். புல் பிடுங்கும் வரிசையில் நின்றபடியே கண் மூடிக்கொண்டிருந்த மகள் பெரியாயியைப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

"சாயங்காலம் குடுத்துருங்க வாத்தியாரே. ஒண்ணுதான் இருக்கு."

மத்தியானம் அறை அருமையாக இருண்டது. கம்பளி நாற்றமும் மண்ணெண்ணெய்ப் புகையும் மூச்சை முட்டின. சுண்ணாம்புச் சுவரில் நீலமாகக் கடல் விழுந்தபோது ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. அப்பனும் ஆத்தாளும் கப்பலில் கடந்து வந்த கடலை அதுகள் அன்றுதான் பார்த்தன. ஆவியாகப் போகிற தண்ணீரில் உப்பும் சேர்ந்து போகுமா என்று பெரியாயி கேட்டாள். இந்த ஒரு கேள்விக்காக மாடசாமி எத்தனை வருஷம் காத்திருந்தார்!

மழைப் படத்தைச் செருகினார். சடசடவென்று சத்தம் கேட்டது. படம்தான் சத்தம் போடுகிறதென்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டின. அவர் மட்டும் அண்ணாந்து பார்த்தார். கூரைத் தகரத்தில் மழை.

கொழுந்துக்குப் போன பெண்கள் பாதியில் மலையை விட்டு இறங்கினால் அரைப் பேர்தான், அரை நாள் கூலிதான் விழும். ஆகவே கம்பளி கேட்டு யாரும் வரமாட்டார்கள். துரையின் குதிரையையும் காணவில்லை. ஒரு நாள் நனைந்தால் என்ன, பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கக் காலை நேரம் கிடைக்குமே என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். போட்ட கணக்கு அவருக்கே கேவலமாக இருந்தது. இருந்தாலும் அடுத்த படத்தைக் கையில் எடுத்தார்.

பெரியாயி எழுந்து ஜன்னலிடம் போனாள்.

"உக்காரு புள்ள. தொரை இப்ப வந்துருவாரு."

"ஆத்தா நனையும்," என்றாள் அவள்.

கம்பளியை இழுத்தாள். சுவரில் மேகம் பாதி வெளுத்தது. அடுத்து இன்னொரு பிள்ளை எழுந்தது. பிறகு எல்லாமே எழுந்தன. அதட்ட வாயைத் திறந்த மாடசாமி, அதட்டாமல் விளக்குத் திரியை இறக்கினார். கூரையோரம் எட்டாத கம்பளிகளை அவரே அவிழ்த்துக் கொடுத்தார். வாசலில் தொங்கிய ரெங்கம்மாவுடையதைக் கடைசியாக நின்ற பிள்ளையின் தலையில் போட்டார்.

தொப்பி சொட்டச் சொட்டத் துரை வந்து நின்றபோது அறையில் வெறும் சுவரும் சூடு ஆறாத தகரப் பெட்டியும்தான் இருந்தன. அவர் சுவரைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார்.

"எங்கே புள்ளைங்க?"

மாடசாமி வாசலுக்கு வந்து மலையைக் கை காட்டினார். மழைக்குள் தேயிலைச் செடிகளுக்கு மேலாகக் கறுப்புக் கம்பளிகள் மட்டும் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே பிள்ளைகள் இருப்பது இங்கிருந்து தெரியவில்லை.