சேலைக்கு அடியில் காய்ந்தவை

கொடியில் சேலை மட்டும்தான் இருந்தது.

கயல்விழி அதை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தாள். காலையில் தறிக்குடோனுக்குப் புறப்படும்முன் சேலைக்கு அடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்ட துணிகளில் ஒன்றுகூட இல்லை. ஆடிக் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று வேலியோரம் போய்த் தேடினாள். திரும்பும்போதுதான் பார்த்தாள், கிளிப்புகளை யாரோ ஒழுங்காகக் கழற்றித் துவைக்கிற கல்லின்மேல் குவித்து வைத்திருந்தார்கள். காற்று அப்படிச் செய்யாது.

மதியத்துக்கு மேல் அவளுக்கு மாதத் தூரம் வந்துவிட்டது. பையில் எப்போதும் கிடக்கும் ஒற்றைத் துணியை வைத்துக்கொண்டு மிச்ச வேலையையும் நின்று முடித்துவிட்டு வந்திருந்தாள். அது இப்போது நனைந்து கனத்தது. மாற்றுவதற்கு வேண்டியதெல்லாம் இந்தச் சேலைக்கு அடியில் இருந்திருக்க வேண்டும்.

பல வருஷம் கடையில் வாங்கிய பேடுதான் வைத்தாள். நாளெல்லாம் தறிகளுக்கு நடுவே நின்று அறுந்த இழையை முடிகிறவளுக்கு, அந்த வியர்வையில் தொடையிடுக்கு வெந்து புண்ணாகிவிடும். அது ஆறுவதற்குள் அடுத்த மாதம் வந்து நிற்கும். ஊருக்கு வரும் நர்ஸம்மா பார்த்துவிட்டு, துணியில் தைத்ததை வைத்துப் பார் என்றார். பக்கத்து வீட்டு வசந்தாமணி தையல் மெஷின் வைத்திருந்தாள். உள்ளே பல மடிப்பாகப் பனியன் துணி, மேலே மெத்தென்ற பருத்தித் துணி, இரண்டு பக்கமும் காது வைத்து, காதில் டிச் பட்டன் என்று அவள்தான் தைத்துக் கொடுத்தாள்.

கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், சோப்பு நுரை போக அலச வேண்டும், நல்ல வெயிலில் காய வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். முதல் இரண்டையும் கயல்விழி ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. மூன்றாவதை அந்தத் தெருவில் யாரும் செய்வதில்லை. மேலே ஒரு சேலையை விரித்து மறைத்துத்தான் காயப்போடுவார்கள். அப்படிப் போட்டால் முழுசாகக் காயாது, ஒரு ஈர வாடை தங்கிவிடும். தேதி நெருங்கியதால் அந்த வாடை போகட்டுமென்றுதான் இன்று காலை பெட்டியிலிருந்து எடுத்து எல்லாவற்றையும் மறுபடி அலசிப் போட்டிருந்தாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அன்பரசு. அவள் புருஷன், வருஷத்தில் முக்கால்வாசி வடக்கே போர்வெல் வண்டியில் டிரில்லராக இருப்பவன். அங்கே மழை பிடித்துவிட்டால் வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பிப் பட்டறையில் நிற்கும். அந்தச் சில வாரங்கள்தான் அவன் வீட்டுச் சோறு சாப்பிடுவது.

"ஏம்புள்ள, அந்த மெத்துத் துணி இன்னும் இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான்.

"எந்தத் துணிங்க?"

"பொறகாலக் கொடியில உன்ற சீலைக்கு அடியில கெடந்துச்சே, அதுதான். பட்டறையில வேஸ்ட் துணி தீந்துபோச்சு. ஊட்டுல பழசு ஏதாச்சும் கெடைக்குமான்னு வந்தேன். கறை புடிச்சுக் கெடந்துச்சா, தொடைக்கற துணியாட்ட இருக்குதுன்னு எடுத்துட்டுப் போயிட்டேன்."

கயல்விழிக்குக் கல்லின்மேல் குவிந்திருந்த கிளிப்புகள் நினைவுக்கு வந்தன.

"ஆயில அப்படியே குடிக்குது புள்ள! பட்டறையில சுப்பையண்ணன் அசந்துட்டாரு. இத்தன வருசமா வண்டி தொடைக்கறேன், இப்படியொரு துணியக் கண்டதில்லடாங்கறாரு. எங்கடா வாங்குனேன்னாரு. என்ற ஊட்டுக்காரி குடோன்ல இருந்து கொண்டாந்திருப்பான்னேன். செரி, பட்டன் எதுக்குடான்னாரு. கொக்கியில மாட்டறதுக்குங்ணான்னுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நாளெல்லாம் அந்தச் சிரிப்போடுதான் இருந்திருப்பான் போலிருந்தது.

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உட்கார்ந்து குடித்தான். சொம்பை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவன் ஊரில் இருக்கும்போது இந்த நாட்கள் வந்தால் அவள் தனியாகப் பாய் விரித்துக்கொள்வாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். கல்யாணமானதிலிருந்து அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். பேசாமலே நடந்துவிடுகிற ஒன்றைப் பேச எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பேசாவிட்டால் நாளைக்கும் எடுத்துக்கொண்டு போவான்.

"இன்னும் நாலு இருந்தா எடுத்து வெய்யி. காத்தால வெள்ளனே போவோணும்."

"அது நான் வெக்கறதுங்க."

"என்னத்துக்கு வெக்கறது?"

"ஊட்டுக்குத் தூரமானா."

சிரிப்பு அவன் முகத்தில் போகவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவன் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் கிரீஸ் கறுத்திருந்தது. வெளியே யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"சீலையப் போட்டு மூடி வெச்சா எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கடைசியில். குரலில் கோபம் இல்லை.

"எல்லாரும் அப்படித்தானுங்க காயப்போடறாங்க. உங்கம்மாளும் அப்படித்தான்."

அவன் எழுந்தான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து ஒரு கறுப்புக் கவரை மேசைமேல் வைத்தான். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய பாக்கெட். மருந்துக்கடையில் எப்படிக் கேட்டானோ, நெற்றி வியர்த்திருந்தது. அவனுக்கு அதுவே பெரிய காரியமாக இருந்திருக்கும். இதையும் சொல்லியாக வேண்டுமே என்று நினைத்தபோது அவளுக்கு அலுத்துவிட்டது.

"இது வெச்சா எனக்குப் புண்ணாயிருமுங்க. அதுக்குத்தான் துணிக்கு மாறுனது."

"புண்ணா? எப்ப இருந்து?"

"ரொம்ப வருசமா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

குற்றமாகச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் அப்படித்தான் வந்து விழுந்தது. திருத்திச் சொல்லத் தெம்பில்லாமல் கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றைக்கு வேறு வழியில்லை. மாற்றிக்கொண்டு, கழற்றியதை வாளியில் போட்டு வெளியே வந்தபோது அவனுடைய போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தான். சுப்பையன் பேசினால் போனுக்கு வெளியிலும் கேட்கும்.

"அன்பு, காத்தால வாரப்ப அந்தத் துணி நாலு எச்சாவே கொண்டா சாமி. கம்ப்ரஸரக் கழட்டிப் போட்டிருக்குது."

அன்பரசு அவளைப் பார்த்தான். சொல்லாதே என்று கண் காட்டினால் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. இருக்கிறது, கொண்டு வருகிறேன், தீர்ந்துவிட்டது என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பான். அவள் வாளியைப் பிடித்தபடி நின்றாள்.

"இல்லீங்ணா. அது என்ற ஊட்டுக்காரியோடது. மாசத்துக்கு வெக்கறது. தெரியாம எடுத்தாந்துட்டேன்."

மறுமுனையில் பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தியது கேட்டது.

"அடக் கெரகமே," என்றார் சுப்பையன். "செரி சாமி. செரி, வெச்சிரு."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் தரையைப் பார்த்து நின்றான்.

"கோவமா?"

அந்தப் பட்டறை முன்னால்தான் அவள் தினமும் பஸ் ஏறுவது. நாளை காலையில் அத்தனை பேரும் பார்ப்பார்கள். அல்லது பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். இரண்டில் எது மோசம் என்று யோசித்தாள். கோபப்படலாம்தான், ஆனால் அதற்கும் தெம்பு வேண்டும். வாளியை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"தண்ணி புடிச்சு ஊத்துங்க. பச்சத் தண்ணி. சுடுதண்ணி ஊத்துனாக் கறை போவாது."

அவன் குழாயடிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நிறைத்து வந்தான். உள்ளே பார்க்காமல் இருக்க முயன்றான். பிறகு பார்த்தான்.

"பட்டறையில இருக்கறத டீசல்ல அலசித் தொவச்சுக் கொண்டாரட்டா?"

"வேண்டாம். அதுங்க போனது போனதுதான். வசந்தாமணிகிட்டப் புதுசாத் தைக்கச் சொல்லிக்கறேன்."

"வேற என்ன பண்ணோணும்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தான். அவள் முன்வாசல் தூணையும் எதிரே நின்ற வேப்பமரத்தையும் பார்த்தாள்.

"முன்வாசல்ல ஒரு கம்பி கட்டிக் குடுங்க. பொறகால வெயிலே வாரதில்ல."

"முன்னாலயா? ரோட்டுல போறவங்கெல்லாம் பாப்பாங்களே, கயலு."

"பாக்கட்டும். பட்டறைக்கே தெரிஞ்சுபோச்சு, இனி யாருக்குங்க மறைக்கறது?"

அவன் தூணுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே எவ்வளவு கம்பி வேண்டியிருக்கும் என்று கையை நீட்டி அளக்கத் தொடங்கினான்.