வாடகை வீட்டுச் சாவு

மாமனாரின் வேட்டியை அலசிப் பிழிந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வாசல் கொடியில் உதறிப் போட்டாள் தாரிணி. அவர் விடிவதற்குள் போய்விட்டார். உள்ளே தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல்களைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தாள். வேலையாகத் தலைநகர் சுவாவுக்குப் போயிருந்த புருஷன் ஸ்ரீவத்சனுக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. அவன் வந்து சேரும்வரை, அதே காம்பவுண்டில் முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரியக் கூடாது.

சாவைப் போய் யாராவது மறைப்பார்களா என்றால், வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டில் இருந்தவர்கள் மறைப்பார்கள். மாமனார் வைத்தியநாதன் அந்த ரகம். சென்னையில் எத்தனையோ வீடு மாறியவர், ஒரு சுவரிலும் ஓர் ஆணி அடித்ததில்லை. பிள்ளைக்கு நாடி விமான நிலையத்தில் இன்ஜினியர் வேலை என்று ஃபிஜிக்கு வந்து படுத்த படுக்கையான பிறகும், இருமல் வந்தால் தலையணையில் வாயைப் பொத்திக்கொள்வார். காலையில் முதல் வேலையாக, "வீட்டுக்காரம்மா கோவிச்சுக்கலையே?" என்று கேட்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. மாமியார் இறந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தால், திருவல்லிக்கேணி வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டார். "உள்ள பொணத்தை எறக்கினா, நாளைக்கு எவன் குடிவருவான்?" ஆம்புலன்ஸை நடுத்தெருவில் நிறுத்தி, போகிறவர் வருகிறவரெல்லாம் வேடிக்கை பார்க்க, வண்டிக்குள்ளேயே வாய்க்கரிசி போட்டு அனுப்பினார்கள். மாமனார் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது தாரிணிக்கு இன்னமும் மறக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவர் கெஞ்சியதும் அதனால்தான். "என்னை ஆஸ்பத்திரில சேர்த்துடும்மா. இங்க வேண்டாம்." ஃபிஜியில் இந்தியர்கள் பங்கிருந்த ஆட்சியைக் கவிழ்த்த நாளிலிருந்து இந்தியர்களுக்குத் தெருவில் பயம்; இருட்டினால் எந்த டாக்ஸிக்காரனும் வண்டியை எடுப்பதில்லை. ஒருவரும் வரவில்லை.

போதாக்குறைக்கு இன்று வீட்டை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறது. அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த தமிழர்களின் பேத்தியான வீட்டுக்காரி ஊர்மிளாவும் அவள் புருஷன் ஷைலேந்திராவும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போகிறார்கள், விசாவும் வந்துவிட்டது. தெருவே மூட்டை கட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் விற்கத்தான் ஆள் உண்டு, வாங்க இல்லை. அத்தி பூத்தாற்போல் ஒருவர் வரும்போது அவருக்குப் பிணத்தையா காட்டுவது?

பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ஊர்மிளா. கையில் பிளாஸ்க், மூடி போட்ட தட்டு.

"பொண்ணு, பெரியவரு போயிட்டாரா?"

தாரிணி கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். "தூங்கறார், ஆன்ட்டி."

"அரே, தெனம் காலைல உன் வூட்டுக் கடுகு வெடிக்கிற வாசம் என் மூக்குல ஏறும். இன்னிக்கு அடுப்பே ஏத்தல நீ. ரேடியோவ மட்டும் அலற உட்டுருக்க."

வேட்டி துவைத்தவளுக்கு அடுப்பு மறக்கவில்லை. பிணம் கிடக்கிற வீட்டில் எப்படி மூட்டுவது? விடிந்ததும் தீப்பெட்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கை வரவில்லை. அந்த ஒரு பொய்யை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை.

"ஆன்ட்டி, அந்த ரூமைப் பூட்டிடறேன். வர்றவர் பார்த்துட்டுப் போகட்டும். இவர் வந்ததும் நேரா சுடுகாட்டுக்கு எடுத்துண்டு போயிடறோம். எங்களால உங்க காரியம் கெட வேண்டாம்."

ஊர்மிளா பிளாஸ்கைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் பயந்து பயந்து தள்ளிப்போட்ட வீட்டுக்காரியின் கோபம் ஒருவழியாக வந்தேவிட்டது என்று தாரிணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"செத்த மனுசன ஒளிச்சி வெக்கவா நான் வூடு கட்டுனேன்? என் மாமனாரும் அந்த ரூம்லதான் போனாரு. சாவு வுழாத வூடு இன்னா வூடு? ஹோட்டலா? மொதல்ல சாயாவக் குடி. ரொட்டி இருக்குது, துன்னு. ராவெல்லாம் முழிச்சிருப்ப."

அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது. மகேந்திரா என்று பெயர். பக்கத்துச் சபேட்டோ கிராமத்தில் கரும்பு போட்டவர், குத்தகைக் காலம் முடிந்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலைக்கு மேல் ஒரு கூரை தேடிக்கொண்டிருந்தார். ஊர்மிளா விடுவிடுவென்று போய் அவரிடம் இந்தியில் என்னவோ சொன்னாள். தாரிணி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றாள். இதோ திரும்பிவிடுவார், அதோ போய்விடுவார் என்று காத்திருந்தாள்.

அவர் தொப்பியை எடுத்தார். செருப்பையும் கழற்றினார்.

"வூட்ட இன்னொரு நாளு பாக்குறாராம்," ஊர்மிளா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இப்ப பெரியவரப் பாக்கணுமாம்."

உள்ளே வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. கைகூப்பி நின்றுவிட்டு, ஷைலேந்திராவோடு பந்தலுக்குத் தார்ப்பாய் கொண்டுவரப் போனார்.

தாரிணி ரேடியோவை நிறுத்தினாள். ஜன்னல்களைத் திறந்தாள். அப்பாடா என்றிருந்தது. விடியற்காலையில் மாமனாரின் மூச்சு அடங்கியபோதும் அப்படித்தான் இருந்தது, பட்ட பாடெல்லாம் தீர்ந்ததே என்று. அதற்காக இவ்வளவு நேரம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது திட்டத் தோன்றவில்லை. அவர் காதருகே குனிந்து, "வீட்டுக்காரம்மா கோவிச்சுக்கலப்பா," என்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மத்தியானம் பெஞ்சுகளும் தார்ப்பாயும் ஏற்றிய லாரி வாசலில் வந்து நின்றது. வண்டி நுழைய வழி போதவில்லை. "கேட்டக் கழட்டு. நாளைக்கு அவரத் தூக்கினு போகவும் தாராளமா இருக்கும்," என்றாள் ஊர்மிளா. ஷைலேந்திரா ஒரு பக்கமும் மகேந்திரா ஒரு பக்கமுமாக இரும்புக் கேட்டைக் கீலிலிருந்து தூக்கி, மாமரத்தில் சாய்த்து வைத்தார்கள்.

வழியெல்லாம் சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஸ்ரீவத்சன் டாக்ஸியிலிருந்து இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. குனிந்த தலை நிமிராமல் வந்தான். வாசலில் பழக்கப்படி கேட்டின் தாழ்ப்பாளைத் தேடிக் கையை நீட்டினான். ஒன்றும் தட்டுப்படவில்லை. நீட்டிய கையோடு அப்படியே நின்றான்.