வலிக்காத கத்தி

சரத்குமார் உப்பு மூட்டையின் வாயைத் தைத்து முடித்து, நைலான் சரடைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

"பல்லு போனா பொண்ணு தர மாட்டாங்கடா" என்றபடி சடையப்பன் கைலி மடிப்பிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து விரித்தான். சிவப்புப் பிளாஸ்டிக் பிடி. வாங்கி நாலைந்து நாள்தான் ஆகிறது. சாமிக்குக் கற்பூரம் காட்டுவதுபோல நீட்டினான்.

கத்தி சரடை அறுக்கவில்லை. முன்னும் பின்னும் இழுத்தான். சரடு பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, கடைசியில் தானே அலுத்துப்போய் அறுந்தது.

"மாமா, இது கத்தியா சீப்பா?"

"எனக்கு எதுக்குடா சீப்பு?" சடையப்பன் வழுக்கையைத் தடவிக் காட்டினான்.

மேஸ்திரி ராஜவேல் கொட்டகைக்குள் வந்தான். "ஒடஞ்ச ஊசி முனை கெடச்சுதா?" போன வாரம் மூட்டை தைக்கும்போது சடையப்பனின் கோணி ஊசி ஒடிந்துபோயிருந்தது. காதுள்ள பாதிதான் கையில் மிஞ்சியது. குவியல் ஓரமெல்லாம் தேடியாகிவிட்டது. "மூட்டைக்குள்ள போயி, திங்கிறவன் வாயில குத்துச்சுன்னா ஓனர் என்னத்தான் கேப்பாரு. நல்லா தேடுங்க."

பிறகு அவன் கண் கத்தியில் விழுந்தது. வாங்கி நகத்தின்மேல் இழுத்துப் பார்த்தான், வழுக்கியது. அலகைப் பிடித்து ஆட்டினான், கடகடவென்று ஆடியது. முதுகில் ஒரு தட்டுத் தட்டியதும் மடங்கிக்கொண்டது. ஆணியைச் சுற்றி அதற்குள்ளாகவே துரு.

"எவ்ளோ குடுத்த?"

"எழுவது. அஷ்ரப் பாய் வண்டியில கொண்டாந்தாரே, கோட்டக்குப்பத்துலேர்ந்து. உப்புத்தண்ணியிலயே ஊறப் போட்டாலும் துரு புடிக்காதுன்னாரு."

"முப்பது பெறாது. ஏமாந்துட்ட."

"அவரு இன்னா உப்பளத்துலயா வேல செஞ்சாரு, பாவம்? எவனோ சொன்னத சொன்னாரு." சடையப்பன் கத்தியைத் திரும்ப வாங்கித் துடைத்தான். "நீங்கல்லாம் கயித்துக்குப் பாக்கறீங்க. நான் இத காலுக்கு வாங்கினேன்."

உப்புத்தண்ணீரில் நின்று நின்று எல்லோருக்கும் உள்ளங்கால் தோல் செருப்புபோலத் தடித்திருந்தது. தடித்தது வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் உச்சந்தலை வரைக்கும் எரியும். அதனால் அவ்வப்போது பிளேடு வைத்துச் செதுக்கிவிடுவார்கள். ஆடி மாதம் சடையப்பன் நொண்டியபோது, "நொண்டறவனுக்கு லோடு கெடையாது" என்று ராஜவேல் சொல்லியிருந்தான். இப்போது புரட்டாசி. மழை இறங்கினால் பாத்தியெல்லாம் ஏரிதான். தை வரைக்கும் வீட்டில் உலை கொதிப்பது இந்தக் கடைசி லோடுகளை நம்பித்தான்.

"மின்ன பிளேடு வெச்சப்ப நான் கத்தினதுல, லாரி வருதுன்னு நாயெல்லாம் ஒதுங்குச்சு. இந்தக் கத்தி வந்தப்புறம் பாரு, வலின்றதே இல்ல. நொண்டறேனா மேஸ்திரி?"

"இல்லதான்" என்றான் ராஜவேல். லாரி வந்த சத்தம் கேட்டு வெளியே போனான்.

கூடையை இறக்கிவிட்டு வந்த மனைவி முத்தம்மாளிடம் சடையப்பன் கத்தியை நீட்டினான். "குதிகால் எனக்கு எட்டல. லோடு ஏத்தறதுக்குள்ள சீவி வுடு."

அவள் அவன் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கத்தி இறங்கவில்லை. அழுத்தினாள். காய்ந்த தேங்காய்ச் சில்லு மாதிரி தோல் துண்டு துண்டாக வந்தது. சடையப்பன் சரத்குமாருக்குத் தன் கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்த கதை. "ஒரு வாய் குடிச்சேன். சரி, நம்ம தொழில் தெரிஞ்ச பொண்ணுன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்."

சரத்குமார் சிரித்தான். முத்தம்மாளின் கை நின்றது. தோலுக்கடியில் வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பு வந்திருந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் காபியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

சிவப்புக்கு நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. கத்தி நுனியால் நெம்பினாள். கறுப்பு நீண்டுகொண்டே வந்தது. விரலால் பிடித்து இழுத்தாள். பின்னாலேயே கொஞ்சம் சீழ் வந்தது.

கோணி ஊசியின் முனை.

முத்தம்மாள் கத்தியைப் புடவையில் துடைத்தாள். தன் காலை மடக்கி, குதிகால் வெடிப்பில் அதே கத்தியை லேசாக ஒருமுறை இழுத்தாள். "ஸ்ஸ்..." என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னா அத்த, கத்தி எப்பிடி?" என்றான் சரத்குமார்.

"மொக்கக் கத்தி."

"அடிப்பாவி, நீயுமா!" என்று திரும்பிய சடையப்பன் அவள் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தான். தன் குதிகாலைப் பார்த்தான். சரத்குமாரும் பார்த்தான்.

"மேஸ்திரி கிட்ட சொல்லிருடா" என்றான் சடையப்பன் கடைசியில். "ஊசி மூட்டைக்குள்ள போவல. யார் வாயிலயும் குத்தாது."

"ஆஸ்பத்திரிக்குப் போலாய்யா" என்றாள் முத்தம்மாள். "இப்பவே."

"மழ வுழட்டும். அப்புறம் வேற இன்னா வேல? ஆஸ்பத்திரியிலயே படுத்துக்கறேன்."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். சடையப்பன் சாக்கு நுனியைக் கிழித்துக் குதிகாலைச் சுற்றிக் கட்டினான். பாத்திகளுக்கு அந்தப் பக்கம் கிடந்த மூட்டைகளைத் தலையில் சுமந்து லாரிக்குக் கொண்டுவர வேண்டும். அவன் வரப்பில் போகவில்லை. வெட்டுக்காயத்தோடு யாரும் இறங்காத உப்புத்தண்ணீரில் நேராக இறங்கினான். நாலு எட்டு வைத்து நின்றான். கட்டு நனைந்து ஓரத்தில் சிவப்புக் கசிந்தது. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன்போலத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான்.

"எரியுதா?" வரப்பிலிருந்து முத்தம்மாள் கேட்டாள்.

அவன் இன்னும் கொஞ்சம் நின்றான்.

"எரியுது, எரியுது" என்றான். அவள் நம்பாததைப் பார்த்து, "யப்பா!" என்று முகத்தைச் சுளித்து, அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினான்.

"யோவ் சடையப்பா!" லாரிக்குப் பக்கத்திலிருந்து ராஜவேல் கத்தினான். "திரும்ப நொண்ட ஆரம்பிச்சிட்டியா?"

சடையப்பன் முதுகை நிமிர்த்தினான். இரண்டு காலையும் சமமாக ஊன்றி, சிமெண்டுத் தரையில் நடப்பவன்போல வேகமாக நடந்தான்.