திருகாணியைத் தின்ற படிகாரம்

மூன்றாவது திருகாணியின் தலை முறிந்தபோது கஸ்தூரிக்குப் பாதி உயிர் போய்விட்டது. முதல் இரண்டையும் மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, சூடு காட்டி, நைச்சியம் பண்ணி எடுத்திருந்தாள். மூன்றாவது வீம்புக்காரன். தலையை மட்டும் கொடுத்துவிட்டு, துருப்பிடித்த உடம்போடு பித்தளைத் தகட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான்.

பக்கத்து ஊர் உறுவையாற்றிலிருந்து வந்த ஏகநாதனின் பாக்கெட் கடிகாரம் அது. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து சைகோனிலிருந்து கொண்டுவந்தது. பாண்டியில் மூன்று கடிகாரக் கடைக்காரர்கள் கைவிரித்த பிறகு வில்லியனூருக்கு வந்திருந்தது. கஸ்தூரியின் புருஷனுக்கு அண்ணன் சிங்காரவேலு. தன் மளிகைக் கடை மூலையில், கடிகாரம் பழுதுபார்க்க அவளுக்கு மேஜை போட இடம் கொடுத்தவர். கடிகாரத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஓடலன்னா மேஜைய வூட்டுக்குத் தூக்கினு போயிடும்மா. பொம்பள கடிகாரம் பாக்குறான்னு ஊரே சிரிக்குது."

அழுகை முட்டியது. அழுதால் திருகாணி வந்துவிடுமா? யோசித்தாள். எழுபத்திரண்டாம் வருஷத்து மழையில் ஈரம் கோத்த படிகாரம், வைத்திருந்த தகர டப்பாவையே ஓட்டை போட்டிருந்தது. உள்ளே கிடந்த பித்தளைக் கரண்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த டப்பாவைக் கழுவியவள் அவள்தான். படிகாரம் இரும்பைத் தின்னும், பித்தளையைத் தொடாது!

கடையில் படிகாரம் ஒரு பொடிகூட இல்லை. சவரக்கடைக்காரர் காலையில்தான் மொத்தமாக வாங்கிப் போயிருந்தார். மிச்சம் ஒன்றுதான், வாசலில் திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் தொங்கிய கட்டி. ஆனது ஆகட்டும் என்று, சிங்காரவேலு சாப்பிடப் போன நேரம் பார்த்து ஸ்டூலில் ஏறி அறுத்து, கடை மூலை அடுப்பில் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாள்.

திரும்பி வந்தவர் வாசலைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார்.

"இன்னாம்மா கொதிக்குது அங்க?"

"திருஷ்டி, மாமா."

"கடைக்குக் கண்ணு பட்டா யாரு பதில் சொல்றது?"

"மொதல்ல கண்ணு படற மாதிரி ஒரு வேல பண்ணிக்கிறேன், மாமா."

அப்படிச் சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

வெறும் தகடு மட்டும் படிகாரத் தண்ணீரில் கிடந்தது. திருகாணி இருந்த இடத்திலிருந்து பொடிப் பொடியாகக் குமிழ் வந்துகொண்டிருந்தது. மறுநாள் சாயங்காலம் ஊசியால் தள்ளினாள். கறுத்துச் சேறாகியிருந்த துண்டு உதிர்ந்தது. துளைக்குள்ளே பித்தளையில் வெட்டிய மரை ஒரு சுற்றுகூடச் சேதமில்லாமல் பளிச்சென்றிருந்தது. கத்த வேண்டும்போல அப்படியொரு சந்தோஷம். பழைய டப்பாவைக் கிளறி, பொருந்துகிற திருகாணி தேடிப் போட்டு, எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்த ஏகநாதன் கடிகாரத்தைக் காதில் வைத்து, மறு கையை உயர்த்தினார். தராசுச் சத்தம்கூட நின்றது.

"ஓடுதுபா! எங்கப்பா தலமாட்டுல கேட்ட அதே சத்தம். யாரு பண்ணது?"

"நம்ம கடையிலதான்..." என்று சிங்காரவேலு தொடங்கினார்.

"நான் பண்ணேன்," என்றாள் கஸ்தூரி.

ஏகநாதன் கடிகாரத்தைச் சிங்காரவேலுவைத் தாண்டி அவளிடம் நீட்டினார். "நீயே சாவி குடும்மா."

புளி வாங்க வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கஸ்தூரி அவசரப்படாமல் திருகினாள். பொட்டலம் கட்டிய நூல் கையிலேயே தொங்க, சிங்காரவேலு மெல்ல மேஜைப் பக்கம் வந்து காதைச் சாய்த்தார்.