தராசுக்குக் கோபம் வந்தபோது

பெயின்ட் கம்பெனியில் கலவைப் பிரிவு என் பொறுப்பு. நிறம் சோதிக்கும் லேபில் இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. டீ குடிக்கலாமா என்று கேட்டால்கூட எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். எனக்கோ வாய் முந்திக்கொள்ளும்.

ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன மஞ்சள் பெயின்ட், சுவரில் பச்சை தட்டுகிறது என்று திரும்பி வந்தது. மீட்டிங்கில் மேனேஜர் காரணம் கேட்க, தராசு என் பக்கமே பார்க்காமல், "கலவையில தப்பு நடந்திருக்க வாய்ப்பு அதிகம்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"உங்க லேப் மட்டும் வானத்துலேர்ந்து குதிச்சுதா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். மனுஷன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதன்பிறகு பேச்சே இல்லை. எதிரே வந்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். பதிலுக்கு நாலு திட்டு திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது என்னை ஓர் ஆளாகவே மதிக்காத மாதிரி இருந்தது. ஒரு வாரம் இப்படியே போனதும், ஒருநாள் காலையில் வீம்புக்குப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். "சாயங்காலத்துக்குள்ள யோசிச்சு உறுதியா சொல்லுங்க" என்றார் மேனேஜர். கலவை வேலை எனக்கு உயிர். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று மதியம் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தபோது தராசு வந்து நின்றார்.

"உங்க கலவையில தப்பில்லைங்க. எல்லா சாம்பிளையும் திரும்பச் சோதிச்சேன். நான் நிறம் பாக்குற பெட்டியில விளக்கு பழசாகி வெளிச்சம் மாறியிருக்கு. நான் சரின்னு சொன்ன நிறமே தப்பு. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"இத்தனை நாளா இதைத்தான் பண்ணிட்டிருந்தீங்களா? கோபமே வராதா உங்களுக்கு?"

"வந்துச்சு." அவர் காது சிவந்துவிட்டது. "கோபத்துல ஏதாவது தப்பாப் பேசிடுவேன்னு பயம். அதான், முதல்ல என்னன்னு கண்டுபிடிச்சிடலாம்னு போயிட்டேன்."

"நீங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள நான் வெந்து போயிட்டேன். 'கோபமா இருக்கேன், அப்புறம் பேசறேன்'னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? நானும் எல்லார் முன்னாடியும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அதுவும் தப்புதான்."

அவர் யோசித்தார். நடுவில் புகுந்து பேசாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சரி. அடுத்த தடவை சொல்லிடறேன்."

"அடுத்த தடவை ஏது? நான்தான் பேக்கிங் போறேனே."

"போகாதீங்க" என்றார், பட்டென்று.

"ஏன்?"

"காரணமெல்லாம் இன்னும் யோசிக்கலைங்க. போகாதீங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மேனேஜர் அறைக்குப் போனேன். மாற்றல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலி செய்த லாக்கரை மறுபடி நிரப்பத் திரும்பினேன்.