கடைசி சிட்வெல்

எண்டகாட் வீட்டு சிட்வெல்லுக்கு அறுபத்தொரு வயதில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன் பெயர் தன்னோடு செத்துப்போகக் கூடாது. கல்யாணம் கட்டவில்லை, பிள்ளைகுட்டி இல்லை, நிலமெல்லாம் தம்பி பேருக்குப் போயிற்று. டெவன் மாவட்டத்து அந்தச் சின்ன ஊரின் தபாலாபீசை முப்பது வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுகிறாள். விட்டுப்போக அவளிடம் வேறு என்ன இருந்தது?

தபாலாபீஸ்காரியிடம் பெயர்களைப் பற்றிக் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவாள். கடித உறைகளின் மேலேயே காலம் மாறுவதை அவள் பார்த்திருந்தாள். தாமசின் என்று எழுதி வந்த வீட்டுக்கு இப்போது டோரீன் என்று வருகிறது. வில்மட் போய் மாரீன் வந்திருக்கிறாள். லண்டன் தலைமை ஆபீசோ இவளை இந்த 1936ஆம் வருஷத்திலும் 'திருவாளர் சிட்வெல்' என்றே விளிக்கிறது. முதல் பத்து வருஷம் திருத்தி எழுதிப் பார்த்தாள். பிறகு போகட்டும், மீசை ஒன்றுதான் பாக்கி என்று விட்டுவிட்டாள்.

அவள் பள்ளியில் படித்தபோது ஒரே பெஞ்சில் மூன்று சிட்வெல்கள். நெட்டை சிட்வெல், மில்காரர் வீட்டு சிட்வெல், இவள். நெட்டை பத்தொன்பது வயதில் காசநோயில் போனாள். மில்காரர் மகள் கனடாவுக்குக் கப்பலேறியவள், அங்கே போய் சூசன் என்று மாற்றிக்கொண்டதாகக் கேள்வி. மிச்சம் இவள் ஒருத்தி.

இப்படி இருக்கையில்தான் தம்பி ஆமோசின் மகள் பெக்கி, ஆறு வாரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தபாலாபீசுக்கு வந்தாள். ஆமோஸ் இவளுக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி, மூன்று வயது இளையவன். அத்தைதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும், முதல் பெயரும் அத்தையின் பெயர்தான் என்றாள் பெக்கி. "ஆனா வீட்டுல டோரீன்னுதான் கூப்பிடுவோம் அத்தை. கோவிச்சுக்கக் கூடாது."

கோபமா? சிட்வெல்லுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதை மறைக்கத் தபால்தலைப் பெட்டிக்குள் எதையோ தேடினாள்.

புதுப் பாதிரியார் டாப்பருக்கு அவளைவிடச் சந்தோஷம். வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர், பழைய ஏடுகள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தபாலாபீசுக்கே வந்தார். இருநூறு வருஷமாக ஓரிரு வருஷத்துக்கு ஒரு சிட்வெல் தவறாமல் இருந்தாள். கடைசியாக 1884, வசந்தகாலம், அந்தக் குழந்தையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பெயர்கூட இல்லை.

ரயில் வந்தது, பத்திரிகைகள் வந்தன, எல்லாருக்கும் பட்டணத்துப் பெயர் வேண்டியிருந்தது, அதுதான் காரணம் என்றார் பாதிரியார். இருக்கலாம் ஐயா என்றாள் சிட்வெல். ஆனால் அந்த வருஷம் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டது.

1884இல் அவளுக்கு ஒன்பது வயது. அந்தக் கோடையில்தான் பள்ளிக்கூட டீச்சர் அவள் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். முன்னொரு காலத்தில் எக்ஸிடர் பட்டணத்தில் சிட்வெல் என்று ஒரு பக்தியுள்ள பெண். அப்பன் அவளுக்கு நிலம் வைத்துவிட்டுச் செத்துப்போனான். அந்த நிலத்தின் மேல் கண் வைத்த மாற்றாந்தாய், அறுப்புக்காரர்களுக்குக் காசு கொடுத்து அவளை ஆளுயர அரிவாளால் வெட்டச் சொன்னாள். ரத்தம் விழுந்த இடத்தில் ஊற்று பொங்கியது. அவள் புனிதையானாள், அவள் பெயரை டெவன் முழுக்கப் பெண்பிள்ளைகளுக்கு வைத்தார்கள்.

பெற்றவளைப் பிரசவத்திலேயே தின்றவள் என்று தன்னைத்தானே நினைத்துக்கொண்டு, மாற்றாந்தாய் கையால் வளர்ந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவள் சித்தி திர்சா நல்லவளா கெட்டவளா என்று அவள் யோசிக்கவே இல்லை. கதை கிடைத்துவிட்டது, ஆளும் வீட்டிலேயே இருந்தாள். அன்றிலிருந்து திர்சா தட்டில் எது வைத்தாலும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

அறுவடை நாளில் சைடர் என்கிற ஆப்பிள் கள் ஜாடியை வயலுக்குக் கொண்டுபோகச் சொன்னாள் திர்சா. மரத்தடியில் இருபது ஆள் உட்கார்ந்திருக்க, அரிவாள்கள் வேலியில் சாய்ந்திருக்க, இவள் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்கள்ல யாருக்கு எங்க சித்தி காசு குடுத்திருக்காங்க?"

வயலே சிரித்தது. அவளை யாரோ தோளில் தூக்கிக்கொண்டார்கள். தன் வாழ்நாளில் அத்தனை பேர் தன்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான் என்பதால், அதை அவள் ஐம்பது வருஷமாகத் தன் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் முன்பு, தபாலாபீஸ் கதவைச் சாத்துகிற நேரத்தில் ஆமோஸ் வந்தான். தேவையில்லாத ஒரு தபால்தலை வாங்கினான். அதைச் சட்டைப்பையில் வைத்தான், மறுபடி எடுத்தான். அக்காவும் தம்பியும் சண்டை போட்டவர்கள் அல்ல. வானிலை பேசுவார்கள், கிறிஸ்துமஸுக்குக் கோழி அனுப்பிக்கொள்வார்கள், அதோடு சரி.

"பேர் வைக்காதேன்னு சொல்ல வரலக்கா. அது பெக்கி இஷ்டம். நான் கோயிலுக்கு வரமாட்டேன், அவ்வளவுதான்."

சிட்வெல்லுக்குச் சுருக்கென்றது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "அப்படி என்னடா என் பேர் மேல வெறுப்பு? உங்கம்மாவுக்கும் அப்படித்தான். இருபது வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். 'ஏ பொண்ணு, ஏ பொண்ணு'ன்னுதான். நான் வளந்தப்புறம் ஒரு நாள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களா?"

ஆமோஸ் அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவள் நடிக்கிறாளா, நிஜமாகவே தெரியாதா என்று பார்த்த பார்வை அது.

"எப்படிக்கா கூப்பிடுவாங்க? வாசல்ல நின்னு உன் பேரைச் சொன்னாலே போதும், முற்றத்துல எவனாவது பல்லிடுக்குல சத்தம் போடுவான். அரிவாள் தீட்டற மாதிரி, நீ அன்னிக்கு வயல்ல கேட்டதை வெச்சு. எனக்கு அப்ப ஆறு வயசு, நானும் போட்டிருக்கேன், விளையாட்டுன்னு நினைச்சு. அம்மா அந்த வருஷம் முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டாங்க. அப்புறம் விட்டுட்டாங்க. வயலுக்கும் போகலை, அறுவடை விருந்துக்கும் போகலை."

"அது சின்னப் பிள்ளை பேச்சுடா."

"பேசினது பிள்ளை. பிடிச்சுக்கிட்டது ஊரு. அதுக்கப்புறம் இங்க எவ தன் மகளுக்கு அந்தப் பேரை வெச்சா? அந்தக் கேலியை யாரு வீட்டுக்குள்ள கொண்டுவந்து வெச்சுக்குவா?"

கதவுப்பக்கம் போனவன் கைப்பிடியில் கை வைத்தபடி, திரும்பாமலே, மிச்சத்தையும் சொன்னான். சாகும் முன் கடைசி வாரம் அம்மா கேட்டாளாம்: நான் சுட்ட கேக்கை அவ மோந்து பாக்காம தின்ன நாள் ஒண்ணாவது இருந்துச்சா, ஆமோஸ்? "இருந்துச்சும்மான்னு சொன்னேன். பொய்தான்."

அவன் போன பிறகு சிட்வெல் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்தொரு வயதில் அப்படி வெட்கப்படுவது உடம்புக்கே ஆகாது. தன் பெயரைச் சொல்ல மனமில்லாத கர்வக்காரி என்று எவளை இத்தனை காலம் கரித்துக்கொட்டினாளோ, அவளைத் தான் என்றைக்காவது அம்மா என்று கூப்பிட்டிருக்கிறோமா என்று யோசித்தாள். சித்தி என்றுகூட நேரில் கூப்பிட்டதில்லை. எதிரே போய் நின்றுகொண்டு இருமுவாள்.

ஞாயிறு மதியம் மழை. கோயிலின் கல்தொட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். அந்தத் தொட்டியருகே ஒரு வழக்கம் உண்டு. பாதிரியார் பெயர் கேட்பார், ஞானத்தாயின் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் பெயர், பிறகு யார் முட்டிக்கொண்டாலும் மாறாது. ஒருதரம் ஞானத்தகப்பன் ஒருவர் பதற்றத்தில் தன் நாயின் பெயரைச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை இன்று ஊருக்கு ரொட்டி சுடும் ரோவர் ஸ்னெல்.

ஆமோஸ் சொன்னபடி உள்ளே வரவில்லை. ஆனால் பேத்தி நனைந்துவிடுவாளே என்று குடையைத் தூக்கிக்கொண்டு வந்து வெளிமுகப்பில் முதுகைக் காட்டி நின்றான். கதவு திறந்திருந்தது.

பாதிரியார் டாப்பர் குழந்தையைக் கையில் வாங்கினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "இந்தக் குழந்தைக்குப் பெயரிடுங்கள்."

சிட்வெல் வாயைத் திறந்தாள். அவளுடைய பெயர் அங்கே தயாராகத்தான் இருந்தது. இரண்டு இரவாக அவள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு சின்னப் பெயர், சொன்னால் ஒரு நொடி. சொன்னால் இன்னும் எழுபது வருஷம் இருக்கும்.

"திர்சா" என்றாள். வெளிமுகப்புவரை கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "திர்சா டோரீன்."

பாதிரியார் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பெக்கி கண் கலங்கிப் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, சரியென்று தலையை ஆட்டினாள். சொன்னது சொன்னதுதான். பாதிரியார் தண்ணீரை அள்ளினார், குழந்தை வீறிட்டது. வெளிமுகப்பில் குடை மெல்லக் கீழே இறங்கி, தரையில் முட்டி நின்றது.

பதிவேட்டில் எழுதும்போது பாதிரியாருக்கு மனசு ஆறவில்லை. இருநூறு வருஷப் பெயர், இனி யார் வைக்கப்போகிறார்கள், கடைசிச் சந்தர்ப்பத்தையும் விட்டுவிட்டீர்களே என்றார். ரயில் செய்த அநியாயம் என்று மறுபடி ஆரம்பித்தார்.

"ரயில் இல்லை ஐயா" என்றாள் சிட்வெல். "நான்தான்."

அவருக்கு விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை, சாட்சிக் கையெழுத்தை மட்டும் போட்டாள். தன் முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினாள்.

தேநீர் ஆமோஸ் வீட்டில். முற்றத்தில் மழை விட்டிருந்தது. வந்தவர்களெல்லாம் உள்ளே கொதிக்கும் கெட்டிலைச் சுற்றி நிற்க, சிட்வெல் வழக்கம்போல வெளியே கிணற்றடியில் தனியாக நின்றாள். எந்த வீட்டு விசேஷத்திலும் அவள் இடம் அப்படித்தான்.

"சிட்வெல் அக்கா."

வாசற்படியில் நின்று ஆமோஸ் கூப்பிட்டான். அந்த வாசலிலிருந்து அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. முற்றத்தில் இரண்டு கிழவர்கள் புகைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயிலிருந்து புகை வந்ததே தவிர அந்தச் சத்தம் வரவில்லை.

ஆமோஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்தான். சோம்பு போட்ட கேக், ஒரு துண்டு. திர்சாவின் பக்குவம், பெக்கி சுட்டது. தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். சிட்வெல் துண்டை எடுத்தாள். எடுத்த கை நேராக வாய்க்குப் போயிற்று. ஒரு கடி, இன்னொரு கடி.

ஆமோஸ் கேட்டான்: "அம்மா சுடற மாதிரி இருக்காக்கா?"

சிட்வெல் மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கெப்படிடா தெரியும்?" என்றாள். "அம்மா சுட்டதை நான் ஒரு நாளாவது ருசி பாத்து தின்னிருக்கேனா?"

பிறகு தட்டை அவனிடம் திருப்பிக் கொடுத்து, இன்னொரு துண்டு கொண்டுவரச் சொன்னாள்.